மூன்று மணி நேரம் முந்திய கடிகாரம்

படத்தில் அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. காலையிலிருந்து அவள் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்தது இரண்டே தடவை, அதுவும் அடுத்த அறையில் காய்ச்சலோடு படுத்திருந்த மகளுக்கு மருந்து கொடுக்க. படம் எடுத்த நேரம் மாலை ஐந்து நாற்பது என்று திரை சொன்னது. சுவர்க் கடிகாரத்தில் இன்னும் மூன்று மணிகூட ஆகவில்லை.

குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவது அவள் பிழைப்பு. கம்ப்யூட்டர், கொழுந்தன் வெளிநாடு போகும்போது விட்டுப்போனது. ஒரே பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்கள்: விண்டோஸ் ஒன்று, லினக்ஸ் ஒன்று. வைரஸ் புகுந்து விண்டோஸ் படுத்துவிட்டது. அதை அழித்துப் புதிதாகப் போடுமுன் லினக்ஸ் வழியாக உள்ளே போய்த் தன் ஓவியங்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். லினக்ஸ் பக்கம் அவள் இதுவரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அங்கேதான் கம்ப்யூட்டர் கேமரா எடுத்த இந்தப் படங்கள் கிடந்தன.

கணவரைக் கேட்டால் ஒரு வாரத்துக்குக் கிண்டல் ஓடும். கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"அது வழக்கமா வர்றதுதான் அண்ணி. ரெண்டு சிஸ்டமும் ஒரே கடிகாரத்தை ஆளுக்கொரு மாதிரி படிக்கும். லினக்ஸ்ல நான் வேற ஊர் நேரம் வச்சிருந்தேன், அதனால மூணு மணி நேரம் முன்னால காட்டும். மூணைக் கழிச்சுக்கங்க."

"சரி, கேமரா தானா படம் எடுக்குமா?"

"நான் அப்படி எதுவும் போட்டு வைக்கலையே."

மூன்றைக் கழித்தால் இரண்டு நாற்பது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால். அப்போது அவள் இங்கேதான் இருந்தாள்.

திரைக்கு மேலிருந்த கேமராவை உற்றுப் பார்த்தாள். பிறகு படத்தைப் பெரிதாக்கினாள். வெளிச்சம் விழும் விதத்தை வரைந்து சம்பாதிப்பவளின் கண்ணுக்கு அது உடனே பட்டது. இப்போது வெளியே மூட்டம், அறை முழுக்கச் சாம்பல் பூத்தாற்போல் மங்கல். படத்திலோ திரைச்சீலையின் ஓரத்தில் சாய்ந்த மஞ்சள் வெயில், நாற்காலியின் நிழல் எதிர்ச்சுவர் வரை நீண்டு கிடந்தது. அது மத்தியான வெளிச்சமே இல்லை. மாலை வெயில்; ஐந்து நாற்பதுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

அடுத்த படம், ஐந்து நாற்பத்தொன்று. படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. அதற்கடுத்ததில் மகள் கதவருகே நின்றாள். கடைசிப் படத்தில் மகள் காலி நாற்காலியைப் பார்த்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். எந்தப் படத்திலும் வேறு யாரும் இல்லை.

ஆறு வயதுக் குழந்தையை, அதுவும் காய்ச்சலில், தனியாக விட்டுவிட்டு எந்த அம்மா போவாள்? அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். மகள் போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவள் விண்டோஸை மட்டும் அழிக்கவில்லை. இரண்டையும் அழித்தாள். எல்லாம் போய்விடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம். உள்ளே ஏதோ கறகறவென்று சுரண்டுவதுபோல் டிஸ்க் ஓடியது. புதிய விண்டோஸ் மெல்ல மெல்ல ஏறியது. நாலே முக்காலுக்கு எல்லாம் முடிந்து கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி எழுந்தது.

கறுப்புத் திரை. எதில் போகலாம் என்று கேட்டு இரண்டு வரிகள். விண்டோஸ். லினக்ஸ்.

இருக்கவே முடியாது. அழித்தாயிற்று.

கேமராவின் சின்ன விளக்கு எரிந்தது.

அவள் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. படுக்கையறைக்குப் பாய்ந்தாள். திரை போட்ட அறையின் இருட்டிலேயே போர்வையோடு குழந்தையை அள்ளித் தோளில் போட்டாள். கதவைப் பூட்டினாள். ஓட்டமும் நடையுமாகத் தெருமுனைக் கிளினிக்குக்குப் போனாள். நாற்காலி காலியாக இருந்தால் இருக்கட்டும். மகள் அங்கே இருக்கமாட்டாள். அது போதும்.

கிளினிக்கில் மருந்து வாடையும் மின்விசிறியின் கிறீச்சொலியும். முன்னால் ஏழெட்டுப் பேர். பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. போர்வைக்குள் கைவிட்டுக் குழந்தையின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாகக் குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. அந்த நிம்மதியில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மணி ஐந்து நாற்பதானபோது மேகம் விலகி, ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் சாய்ந்து விழுந்தது.

போன் அடித்தது. மாடி வீட்டு அக்கா.

"ஏம்மா, பொண்ண உள்ள வச்சுப் பூட்டிட்டு எங்க போயிட்ட? அழுது அழுது கதவைத் தட்டுறா. ஜன்னல் வழியா கைய விட்டுத் தொட்டுப் பாத்தேன், உடம்பு நெருப்பா கொதிக்குது."

"இல்லக்கா. அவ எங்கிட்ட..."

"இரு, அவகிட்டயே குடுக்குறேன்."

விசும்பல். மூக்கை உறிஞ்சும் சத்தம். "அம்மா, எங்கம்மா போன?"

மகளின் குரல்தான்.

தோளில் கிடந்தது அசைந்தது. போர்வைக்குள்ளிருந்து இரண்டு சின்னக் கைகள் வெளியே வந்தன. ஐஸாகக் குளிர்ந்திருந்தன. அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. பிறகு, மெல்ல மெல்ல, இறுகின.