இரண்டு கோடிப் புகை

தன் மேசைத் திரைக்கு அனுப்புவதாக நினைத்து, நாச்சிமுத்து அந்தப் பேரத்தை ஆடுகளத்துப் பெரிய பலகைக்கே அனுப்பிவிட்டார். 'ரொசாரியோ மதுரைக்கு; பதிலுக்கு இருவர்' என்று ஆள் உயர எழுத்துகள் ஒளிர்ந்தன. பயிற்சி அப்படியே நின்றது.

"ஏனுங்கண்ணா, இதை என்ற காதுல சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றான் ரொசாரியோ.

"சும்மா ஒத்திகைப்பா" என்று கோவைக் கூடைப்பந்து அணியின் மேலாளரான நாச்சிமுத்து சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

ஓர் அணிக்குச் சம்பள உச்சவரம்பு நாற்பது கோடி. வெறும் பணத்துக்கு மட்டும் வரம்பு கட்டிய காலத்தில் அணிகள் வயிற்றெரிச்சலால் உடைந்தன. ஆகவே சங்கம் புகைமானியைக் கொண்டுவந்தது. ஆட்டக்காரர், பயிற்சியாளர், மேலாளர் எல்லார் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. அது நாடியிலும் வியர்வையிலும் பொறாமையை அளந்து, கோடியாக்கிச் சம்பளத்தோடு கூட்டிவிடும். மொத்தம் மட்டும்தான் சொல்லும். யாருடைய புகை என்று சொல்லாது. மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா!

கோவைக்குச் சம்பளம் முப்பத்தாறு, புகை ஆறு; மொத்தம் நாற்பத்திரண்டு என்று பலகையின் மூலையில் எரிந்துகொண்டிருந்தது. மாலை ஆறு மணிக்குள் இரண்டு கோடி குறையாவிட்டால் இந்தப் பருவத்தில் அணிக்கு ஆட்டமே இல்லை.

பதினோரு கோடி வாங்குகிறவனைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குப் புகைகிறது என்பது நாச்சிமுத்துவின் கட்சி. மதுரை தரும் இருவருக்கும் சேர்த்து அதே பதினொன்று. சம்பளம் ஒத்துப்போனால்தான் மாற்றம் செல்லும். ரொசாரியோ இல்லாத அணியைப் புகைமானி இயந்திரம் ஒத்திகை பார்த்தது. புகை, அரைக் கோடி.

"பாத்தியா மெர்லினு! மிசினே சொல்லுது."

"நானும் ஒண்ணு போட்டுப் பாத்தேனுங்கண்ணா" என்றாள் பயிற்சியாளர் மெர்லின். "அதுல ரொசாரியோ இருக்கான். நீங்க இல்லீங்க."

"எவ்வளவு?"

"அதே அரைக் கோடிங்க."

நாச்சிமுத்து தன் பட்டையை யாரோ பக்கத்து வீட்டுக்காரருடையதைப் போலப் பார்த்தார். அவருக்குத் தெரியாததா? ரொசாரியோ தூரத்திலிருந்து பந்தைக் கூடைக்குள் போடும்போதெல்லாம் முதலில் கைதட்டுகிறவர் அவர்தான். தட்டும்போதே பட்டைக்கடியில் தோல் சுடும். இருபது வருஷத்துக்கு முன் அதே இடத்தில் நின்று போட்டவர். நான் இவனைப் போல ஆடினேனா என்று யாரைக் கேட்டாலும், "உங்க காலமே வேறங்கண்ணா" என்பார்கள். அந்த மரியாதைதான் அடுப்புக்கு விசிறி.

மணி ஐந்தே முக்கால். மதுரை சம்மதித்துவிட்டது. திரையில் இவர் விரல் பட்டால் பேரம் முடிந்தது. விரலை நீட்டியவர் கேட்டார்:

"ரொசாரியோ, நெசமாச் சொல்லு. நல்ல வயசுல நான் உன்னாட்ட ஆடினேனா?"

"அண்ணா, உங்க காலமே..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா" என்றாள் மெர்லின்.

ரொசாரியோ பலகையைப் பார்த்தான். எப்படியும் ஊரைவிட்டுப் போகிறவனுக்கு என்ன தயக்கம்?

"இல்லீங்கண்ணா."

பலகையில் நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்றானது. நாச்சிமுத்துவின் விரல் அந்தரத்தில் நின்றது.

"இன்னுங் கொஞ்சம் சொல்லு, சாமி."

"உங்க பழைய ஆட்டம் ஒண்ணு விடாமப் பாத்திருக்கேனுங்க. கை நல்ல கைதான். ஆனா காலு நகராதுங்க. என்ற பக்கத்துலகூட வரமாட்டீங்க."

முப்பத்தொன்பது. நாச்சிமுத்து விரலை மடக்கிக்கொண்டார்.