இடது கன்னம்

மடியில் காபி சொட்டிய பிறகுதான் தன் உதடு மூடவில்லை என்பதே செய்தி வாசிப்பவளுக்குத் தெரிந்தது. சுருக்கம் போக முகத்தை இழுத்துத் தைத்த நாளிலிருந்து இப்படித்தான். இடது கன்னத்தைத் தொட்டால் விரலுக்குக் கன்னம் தெரிந்தது. கன்னத்துக்கு விரல் தெரியவில்லை.

"நரம்பு அடிபட்டிருக்கு. திரும்ப வளரும்போது அதுவா இழுக்கும், பயப்படாதீங்க" என்றிருந்தார் டாக்டர்.

"கத்தி வெச்சது நீங்க. நீங்க பயப்படுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருந்தாள்.

ஒப்பனை அறையில் பவுடர் வாசனையும் சூடேறிய பல்புகளின் மெல்லிய ரீங்காரமும் நிறைந்திருக்க, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவளின் கன்னத்தை ஒற்றிக்கொண்டிருந்த ஒப்பனைக்காரி சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, இப்ப ஏதாவது சொன்னீங்களா?"

"வாயே திறக்கலையேடி."

"இல்ல... இந்தப் பக்கம் மட்டும் அசைஞ்சுது."

"நீ பூசுடி" என்று கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

தயாரிப்பாளர் கதவருகே நின்று தயங்கினார். "கொஞ்ச நாள் லீவு போடுங்களேன் மேடம். பார்க்கிறவங்க..."

"பார்க்கட்டும். என் வாய் கோணினா செய்தி கோணிடுமா?"

செய்தி மேசை முன் போய் உட்கார்ந்தாள். நேரலைக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. தோலுக்கடியில் எதுவோ காதோரத்திலிருந்து உதட்டை நோக்கி ஊர்வதை, உணர்ச்சியே இல்லாத அந்தக் கன்னத்தில் முதல்முறையாக உணர்ந்தபடியே, ஒரு சொல்லும் பிசகாமல் கடைசிச் செய்திவரை வாசித்தாள். வணக்கம் சொன்னாள். வாயை மூடினாள்.

எதிரே இருந்த திரையில் வாயின் வலது பாதி மூடியிருந்தது.

இடது பாதி மூடவில்லை.

பேசிக்கொண்டிருந்தது.

"மேடம், முடிஞ்சுது. நிறுத்துங்க" என்றார் தயாரிப்பாளர், காதுக்கருவியில். அவர் குரலுக்கடியில் இன்னொரு குரல். அவள் குரல்தான். கொஞ்சம் தடித்திருந்தது. சொற்கள் புரியவில்லை.

கையால் கன்னத்தை அழுத்தினாள். சில்லென்றிருந்தது. விரல்களைத் தள்ளிக்கொண்டு அசைந்தது.

கேமராக்காரர் பதறிப்போய் விசையை நோக்கிக் கை நீட்டினார்.

"அணைக்காதீங்க!" வலது உதட்டால் கத்தினாள். "எனக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு என்ன பேசுது? எல்லார் முன்னாலயும் பேசட்டும்!"

கேமராக்காரர் விசையைத் தொடாமல் நின்றார். கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். நிமிர்ந்தாள். கேமராவை நேராகப் பார்த்தாள்.

வலது கண் மட்டும்தான் பார்த்தது. இடது கண் மெல்லத் திரும்பியது. மூக்கின் மேலாக, அவளுக்கென்று மிஞ்சியிருந்த பாதியைப் பார்த்தது. பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தது.