நிற்காமல் ஏறிய கயிறு

பாதி வரை தயங்கித் தயங்கி ஏறிய கயிறு, திடீரென்று நிற்காமல் போக ஆரம்பித்தது. ஓதிலுக்கு அது பிடிக்கவில்லை. பாறையில் முன்னால் ஏறுகிறவன் கொக்கி மாட்ட நிற்பான், பிடி தேட நிற்பான், மூச்சு வாங்கவாவது நிற்பான். இதுவோ கிணற்று வாளி இழுபடுவதுபோல் ஒரே சீராக அவள் கைகளுக்குள் நழுவிக்கொண்டிருந்தது. தம்பி ரெஜீஸ் அப்படி ஏறக்கூடியவன் அல்ல.

வெர்தோன் பள்ளத்தாக்கில் உச்சியிலிருந்துதான் இறங்குவார்கள். கயிற்றில் தொங்கி இறங்கி, அதை உருவிக்கொண்டால் அவ்வளவுதான், ஏறித்தான் வீடு போக வேண்டும். பாதம் பாதி கொள்ளும் விளிம்பில் அவள் நின்றிருந்தாள். கீழே முந்நூறு மீட்டரில் ஆறு. சுண்ணாம்புப் பாறையின் பொந்துகளுக்குள் காற்று புகுந்து ஊதியதில் எவ்வளவு கத்தினாலும் மேலே கேட்காது. அதனால்தான் ரெஜீஸ் கிளம்பும்போதே சொல்லியிருந்தான்.

“மேல போய் மூணு தடவ சுண்டுவேன். உடனே கிளம்பிடுக்கா. நீ யோசிக்க ஆரம்பிச்சா நமக்குப் பொழுது விடிஞ்சிரும்.”

கயிறு நின்றது. பிறகு மூன்று தடவை சுண்டியது.

இருந்தும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். எதிர்ச்சுவரில் மிச்சமிருந்த வெயிலும் போய்விட்டது. போன வசந்தத்தில் விழுந்து கால் முறிந்தவனை, கெஞ்சினான் என்பதற்காக இங்கே கூட்டிவந்தவள் அவள்தான். அவனை முழுதாகத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும், வேறு நினைப்பில்லை. தன்னைப் பாறையோடு கட்டியிருந்த கொக்கியைக் கழற்றினாள்.

ஓரடி ஏறினால் ஓரடி கயிறு மேலே போனது. தம்பி மாட்டிவிட்டுப் போன கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இடுப்பில் தொங்கவிட்டாள். நான்கு. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கயிறு மட்டும் பாறைத் துருத்தலைத் தாண்டி நேராகப் போனது. திறந்த வெளியில், பூட்டிக்கிடந்த நிலவறையின் வாடை அடித்தது.

துருத்தலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

இடப்பக்கப் பொந்தில் ரெஜீஸ் ஒடுங்கியிருந்தான். ஒரு பட்டையால் தன்னை அங்கிருந்த ஆணியோடு கட்டிக்கொண்டிருந்தான். அவன் இடுப்பில் கயிறு இல்லை.

“நான் அவுக்கலக்கா,” என்றான். உதடுதான் அசைந்தது. “ஒரு கை வந்து அவுத்துச்சு. நிதானமா. நம்ம முடிச்சு அதுக்குத் தெரியுது.”

கயிறு இறுகியது.

அவள் குதிகால் எழும்பியது. பிறகு விரல் நுனி. பாறையைப் பற்றினாள், நகம் பெயர்ந்தது. தன் இடுப்பு முடிச்சை நெம்பினாள். இறுகிய முடிச்சு அசையவில்லை. ரெஜீஸ் பாய்ந்து அவள் முழங்கால்களைக் கட்டிக்கொண்டான். அவனைக் கட்டியிருந்த பட்டை முனகியது.

“விட்ருடா,” என்றாள்.

“மாட்டேன்.”

இழுப்பு நின்றது. காற்றும் நின்றது.

அவன் முகத்துக்கு நேராக இன்னொரு கயிறு மெல்ல இறங்கி வந்தது. அவர்களுடையது அல்ல, பழைய சணல் கயிறு, கறுத்து, சொட்டச் சொட்ட நனைந்தது. நுனியில் ஒரு வளையம் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது, ரெஜீஸின் இடுப்பு அளவுக்கு.