கரத்தை உட்செலுத்தற்க

“‘கரத்தை உட்செலுத்தற்க.’ என்னடி இது? இதை நீதானே எழுதின?”

“சத்தியமா நான் இல்ல மேடம்!”

காலை 10.10. அச்சுக்குப் போகவேண்டிய தாள்களைப் பதிப்பாளரம்மா மேசைமேல் வீசினார். எதிரே நின்றவள் பிரதி திருத்துபவள், பட்டப்பெயர் கமா. அடுத்தவர் எழுத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவள். தன் பேச்சில்தான் நிறுத்தமே கிடையாது.

புத்தகம், லிஃப்ட் மெக்கானிக்குகளுக்காக ஒரு பெண் லிஃப்ட் மெக்கானிக் எழுதியது. எழுத்துப்பிழைகளை மட்டும் களைந்துவிட்டு, அந்த அம்மாவின் குரலைக் கமா அப்படியே விட்டிருந்தாள். ‘கையை உள்ள விட்டா கை உனக்கில்ல’ என்பது அவளுக்கு மிகவும் பிடித்த வரி. இப்போது அதுதான் ‘உட்செலுத்தற்க’. ‘எங்க அக்காதான் ஸ்பேனர் பிடிக்கக் கத்துக்குடுத்தா’ என்பது, ‘பெரியன்னையின் மகளே திருகுசாவி பிடிக்கக் கற்பித்தாள்’. எல்லாப் பக்கமும் இதே கதி.

10.25. மெக்கானிக் அம்மா கணவரோடு வந்துவிட்டார். கணவர் பள்ளித் தலைமையாசிரியர். மனைவியின் கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்தவர் அவர்தான்.

“வேலை கத்துக்கற பசங்க படிக்கிற புக்கு இது. புரியாம எவனாவது கையை விட்டா யாரு பொறுப்பு?” மெக்கானிக் அம்மா மேசைமேல் கிடந்த தாள்களைத் தட்டினார். “இப்படித்தான் வரும்னா வேணாம். குடுத்துடுங்க, போறேன்.”

“நீங்க திருத்தினதைக் கடைசியா ஒரு தடவை பார்த்துட்டு நான் திருப்பி அனுப்பின ஃபைல் சரியாத்தான் இருந்துச்சு. இங்க யாரோ கை வெச்சிருக்காங்க,” என்றார் தலைமையாசிரியர்.

பதிப்பாளரம்மா கமாவை முறைத்தார். “பன்னெண்டு மணிக்கு அச்சகத்துக்குப் போகணும். அதுக்குள்ள யாருன்னு தெரியலன்னா, நீ நாளைக்கு வரவேணாம்.”

10.40. பக்கம் வடிவமைக்கும் அண்ணன் விசாரணைக்கு வந்தார்.

“அண்ணே, ஃபைலைத் தொட்டீங்களா?”

“தொட்டேன். ஆனா படிக்கல. பக்கத்துல அடங்குதான்னுதான் பார்ப்பேன். படிக்க ஆரம்பிச்சா நான் என்னிக்கு வீட்டுக்குப் போறது?”

“சரி, அக்காவுக்குத் தூய தமிழ்ல என்ன?”

“தமக்கை. இதுகூடத் தெரியாமலா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?”

கமா துள்ளித் திரும்பினாள். “மேடம், நீங்க சொல்லுங்க?”

“தமக்கைதான். விளையாடுற நேரமாடி இது?”

“ஒரே நிமிஷம்! அம்மா, ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக்குடுத்த உங்க அக்கா, கூடப்பிறந்தவங்களா?”

“இல்லம்மா. பெரியம்மா பொண்ணு. எங்க வீட்டுல அப்படிப் பிரிச்சுப் பேசறதில்ல. அக்கான்னா அக்காதான்.”

“புத்தகத்துல எங்கயாவது பெரியம்மா பொண்ணுன்னு எழுதினீங்களா?”

“இல்லியே.”

“அண்ணனோ நானோ மாத்தியிருந்தா தமக்கைன்னுதான் போட்டிருப்போம். பெரியம்மா பொண்ணுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? ஃபைலைத் தொட்டது மூணே பேர். அதுல இது தெரிஞ்சவர் ஒருத்தர்தான்.” கமா தலைமையாசிரியரைப் பார்த்தாள். “சார், ரொம்பச் சரியா எழுதணும்னு பார்த்து மாட்டிக்கிட்டீங்க.”

தலைமையாசிரியர் மனைவி பக்கம் திரும்பினார்.

“ஹெட்மாஸ்டர் பொண்டாட்டி கொச்சையா எழுதறான்னு நாலு பேர் சிரிப்பாங்களேன்னு... புத்தகமா வந்தா நீயே சந்தோஷப்படுவேன்னு நினைச்சேன்,” என்றார் அவர்.

“சிரிக்கிற நாலு பேரு லிஃப்ட் நின்னுபோனா என்னைத்தாங்க கூப்பிடுவாங்க,” என்றார் மெக்கானிக் அம்மா.

11.45. கமா தன் பழைய பிரதியை மீட்டெடுத்தாள். வேலை போகவில்லை, அதைவிட, ஒரு வரிகூடக் குரல் மாறவில்லை. அவளுக்குத் தலைகால் புரியாத பெருமிதம். கடைசியாக நன்றிப் பக்கம் திரையில் வந்தது: ‘டைப் பண்ணினது எங்க வீட்டுக்காரர். அவர் இல்லன்னா இந்தப் புக்கே இல்ல.’

“அதை எடுத்துடும்மா,” என்றார் தலைமையாசிரியர், தலையைத் தூக்காமல்.

“எழுதினவ நான். அது இருக்கட்டும்,” என்றார் மெக்கானிக் அம்மா.

கமா ஓர் எழுத்தையும் தொடாமல் கோப்பை அனுப்பிவிட்டாள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அந்த வரியை விட்டிருப்பீர்களா, சொல்லுங்கள்?