முப்பத்து மூன்று போதும்

அப்துல் வாஹித் மாமாவுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அப்படி அவரே சொல்வார். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து இருபது வருடமாகத் தக்காளி லோடு ஏற்றி வருகிறவர். வண்டி என்று பேச்சு வந்துவிட்டால் மற்றவர்களை வாய் திறக்கவே விட மாட்டார்.

அன்று சாயங்காலம் அவர் பேகம்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வந்து, கார் சாவியைக் கேட்டுக் கையை நீட்டினார்.

தங்கை அஜீஸுன்னிசா கார் ஓட்டப் பழகி மூன்று மாதம்தான் ஆகிறது. சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைகளை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்க, பழைய சின்னக் கார் ஒன்று வைத்திருந்தார். அன்று மத்தியானத் தூறலில் பிரேக் போட்டபோது அது வழுக்கிக்கொண்டு போய் டீக்கடை பெஞ்சில் தட்டிவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் பேச்சு அதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

"ஒனக்கு இது சரிப்படாது தங்கச்சி. டிரைவர் போட்டுக்குவோம்," என்றார் மாமா.

அஜீஸுன்னிசா தலையைக் குனிந்துகொண்டு சாவியை எடுத்தார். அதைப் பார்த்த மகள் ரஃபியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். ஆனால் அம்மா தலைகுனிந்தால் அவளுக்குப் பொறுக்காது.

"குடுக்காதீங்கம்மா," என்று சாவியைத் தான் வாங்கிக்கொண்டாள்.

இரண்டரை மாதம் ஒழுங்காக ஓடிய கார் அது. போன வாரம் மாமா டயர்களுக்குக் காற்று அடித்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்துதான் சின்னக் கல்லில் ஏறினாலும் தூக்கித் தூக்கிப் போடுகிறது, பிரேக் போட்டால் தரையைப் பிடிக்காமல் வழுக்குகிறது. பின் சீட்டில் உட்கார்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டவளுக்குத்தானே தெரியும்! எவ்வளவு அடித்தீர்கள் என்று கேட்டாள்.

மாமா டயரின் பக்கவாட்டைக் காட்டினார். "நாப்பத்து நாலு. டயர்லயே போட்டிருக்குல்ல?"

ரஃபியா குனிந்து பார்த்தாள். அந்த எண்ணோடு 'மேக்ஸ்' என்ற சொல்லும் இருந்தது.

"அதுக்கு மேல அடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு மாமா. அண்டாவுல நாப்பது படி பிடிக்கும்னா, நாலு பேருக்கு நாப்பது படி பிரியாணியா ஆக்குவீங்க?"

"லோடு வண்டி ஓட்டுறவனுக்கே சொல்லித் தர்றியா?"

"இது லோடு வண்டி இல்லையே மாமா."

டயர் தாங்குவதை டயரில் போட்டிருந்தால், காருக்கு வேண்டியதைக் காரில்தானே போட்டிருப்பார்கள்? ஒவ்வொரு கதவாகத் திறந்து தேடினாள். டிரைவர் கதவைத் திறந்ததும், கதவு வந்து பொருந்தும் இடத்தில் புழுதி மூடிய ஸ்டிக்கர் ஒன்று தெரிந்தது. துப்பட்டாவால் துடைத்தாள். டயர் படம் போட்டு, பக்கத்தில் முப்பத்து மூன்று என்று இருந்தது. டயர் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும் என்றும் இருந்தது.

முப்பத்து மூன்றில் மாட்டு வண்டிதான் ஓடும் என்று மாமா சிரித்தார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் ரஃபியா. சாவி மட்டும் அவள் கையை விட்டுப் போகவில்லை.

விடிந்ததும் மூவரும் அடுத்த தெருவில் இருக்கும் பஞ்சர் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஆண்டிச்சாமி எல்லாருக்கும் நாற்பதுதான் என்று குழாயை இழுத்தார்.

"எல்லாருக்கும் அடிங்கண்ணே. எங்களுக்கு முப்பத்து மூணு போதும்," என்றாள் ரஃபியா.

மாமா கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். ரஃபியா அதையும் கவனித்துவிட்டாள். ஒவ்வொரு டயர் பக்கத்திலும் குந்தி உட்கார்ந்து, காற்றை இறக்கி, அளக்கும் முள் முப்பத்து மூன்றில் நின்ற பிறகுதான் எழுந்தாள்.

பிறகு அம்மா ஓட்டினார். மாமா வேண்டுமென்றே பின் சீட்டில் ஏறி, தூக்கிப்போடுமென்று முன் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வேகத்தடை வந்தது, போனது. அவர் தலை கூரையில் இடிக்கவில்லை. டீக்கடை முன்னால் ஈரத் தரையில் அம்மா பிரேக் போட்டார். பெஞ்சுக்கு நாலடி தள்ளியே கார் சமர்த்தாக நின்றது.

மாமா கதவைத் திறந்து இறங்கி, முன்பக்கம் வந்தார்.

"சரி, நீ பின்னால உக்காரு தங்கச்சி. நான் ஓட்டிட்டு வாரேன்."

அஜீஸுன்னிசா ஸ்டீரிங்கை விடவில்லை. இந்த முறை தலையும் குனியவில்லை.

"நீங்க பின்னாலயே ஏறுங்கண்ணே. நான் சின்னாளபட்டி போறேன். போற வழியில ஒங்கள வீட்ல எறக்கி விடுறேன்."