மாஸ்க்கைக் கழற்றச் சொன்ன இடம்

அன்று சோதனைச்சாவடியில், மழையில் இறக்கப்பட்டவர்களுள் இந்தக் கதைக்கு உரியவர்கள் ஐந்து பேர். கம்பளையில் பஸ் ஏறிய என் தம்பி மகள் மங்களேஸ்வரி, அவளுடைய தாய் பத்மாதேவி, நவரட்ணராஜா என்னும் நான். புசல்லாவையில் ஏறியிருந்த ஆசிரியர் லெட்சுமணன், அவருடைய அக்கா நல்லம்மா.

யுத்த காலம். முகத்தை மூடியிருந்தவர்கள் மங்களமும் அந்த ஆசிரியரும் மட்டுந்தான். கழற்றும்படி ஆமிக்காரர் சைகை காட்டினார்.

"நீங்க மொதல்ல கழட்டுங்க," என்றார் லெட்சுமணன் மங்களத்திடம்.

"ஏன், பயமோ?"

"மாத்து கிட்னி வச்ச ஒடம்புங்க... இருமல் தொத்துனா டாக்டர் ஏசுவாரு."

மங்களத்தின் கண்கள் விரிந்தன. "எனக்கும் அதே கதைதான், சேர்."

இருவரும் ஒன்றாகக் கழற்றினார்கள். அவளுடைய இமையில் ஒரு மழைத்துளி... அதைத் துடைக்க இருவருக்கும் தோன்றவில்லை. பிறகு மாஸ்க் ஏறியது. கண்கள் மட்டும் எஞ்சின.

பெரியாஸ்பத்திரியில் இருவருக்கும் உட்கார ஒரே வாங்கு. மங்களத்தின் கழுத்தில் கட்டி, நிணநீர்ப் புற்றுநோய். சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாதிருக்க அவள் விழுங்கிய குளிசைகள் உடலின் காவலையே தூங்க வைத்துவிட்டன. அந்தத் தூக்கத்தில் வளர்ந்த நோய். லெட்சுமணனுக்கும் இதே நோய் வந்து போயிருந்தது.

அவளுக்கு எல்லாவற்றையும் அறிய வேண்டும்.

"எந்தக் கட்டம் எண்டு எப்பிடிக் கண்டுபிடிப்பினம்?"

"கழுத்தோட நிக்குதா, வயித்துக்கு எறங்கிருச்சான்னு ஸ்கேன்ல பாப்பாங்க. அப்புறம் எலும்புக்குள்ள ஊசி. அப்ப என்னைய நெனச்சுத் திட்டிக்கங்க."

"உங்களை ஏன்?"

"வேற யாரத் திட்டினாலும் கோவிச்சுக்குவாங்க."

நோய் கழுத்தைத் தாண்டவில்லை. முதல் வைத்தியம் குளிசையைக் குறைப்பது என்றார் டொக்டர். காவல் விழித்துப் புற்றுநோயோடு மோதும். சிறுநீரகத்தின் மேலும் பாயலாம்.

அந்தச் சிறுநீரகம் நான் கொடுத்தது.

"பெரியப்பா தந்ததைச் சாகவிட மாட்டன்," என்று மங்களம் மறுத்துவிட்டாள். ஆசிரியரிடம் திரும்பினாள். "உங்களுக்குக் குறைச்சவையோ?"

"கொறச்சாங்க. புத்துநோய் போச்சு. கிட்னியும் போச்சு. இப்ப மெஷின்லதான் ரத்தம் சுத்தமாகுது."

"ஆர் தந்தது?"

அவர் அக்காவைப் பார்த்தார். நல்லம்மா குடையை மடித்துக்கொண்டே சொன்னார். "தம்பி இருக்கான்ல. பொறகென்ன?"

மங்களம் என்னைப் பார்த்தாள்.

"குறைக்கட்டும், பிள்ளை," என்றேன். "நான் குடுத்தது உனக்கு. கிட்னிக்கு இல்லை."

குறைத்தார்கள். ஊசி மருந்தும் ஏற்றினார்கள். கட்டி கரைந்தது. சிறுநீரகம் களைத்தாலும் நின்று பிடித்தது. கிளினிக் நாட்களில் அந்த வாங்கில் லெட்சுமணன் இருந்தார்.

"உங்களுக்கு இண்டைக்குக் கிளினிக் இல்லையே, சேர்?"

"இல்ல."

"பிறகேன் வந்தனீங்கள்?"

"அன்னைக்கு ஆமிக்காரர் காட்டச் சொன்னது கொஞ்ச நேரந்தான்... எனக்குப் பத்தல."

அவள் தன் செருப்பைப் பார்த்தாள். "எனக்கும்தான்..."

நல்லம்மா வெற்றிலைத் தட்டோடு பெண் கேட்டு வந்தபோது பத்மாதேவி என் காதருகில், "அத்தான், எங்கட ஆக்கள் இல்லையே," என்றார்.

"உடம்பில இருந்து எடுத்துத் தம்பிக்குக் குடுத்த குடும்பம்," என்றேன். "எங்கட ஆக்கள்தான்."

இருவரையும் சோதனைச்சாவடியில் சோடியாகப் பிடித்ததாகச் சிலர் கதைக்கிறார்கள். பிடிக்கவில்லை. மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார்கள். பக்கத்தில் நான் நின்றேன்.