ஹாரன் அடிக்காத வீடு

கிளாரிஸ் எதைக் கோத்தாலும் அது ஜெபமாலையாகவே வந்து முடிந்தது.

அவளைக் குறை சொல்லி என்ன பயன்? அக்டோபர் ஜெபமாலை மாதம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் தேவாலயத்துக்காக ஜெபமாலை கோத்தார்கள். பத்துச் சின்ன மணி, கொஞ்சம் இடைவெளி, ஒரு பெரிய மணி. மறுபடியும் பத்துச் சின்ன மணி. மற்றவர்கள் ஆளுக்கு நான்கைந்து கோத்துவிட்டு விளையாட ஓடிவிட்டார்கள். கிளாரிஸ் மட்டும் முப்பத்தேழு கோத்தாள். பதினொரு வயதில் இவ்வளவு பொறுமையா என்று ஃபாதரே கூப்பிட்டுப் பாராட்டினார்.

அந்தப் பாராட்டுதான் அவளை வசமாக மாட்டிவிட்டது.

பள்ளி வேன் ஓட்டும் நூர்ஜான் அக்கா இந்த வெள்ளிக்கிழமையோடு போகிறார். அவர் கணவர் ஜபருல்லாவுக்குக் கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. குடும்பமே அங்கே குடிபோகிறது. அக்காவுக்கு என்ன கொடுப்பது என்று வேனின் பின் இருக்கையில் ரகசியக் கூட்டம் நடந்தது.

"நான் பிரேஸ்லெட் செஞ்சு தரேன்" என்று கிளாரிஸ் முந்திக்கொண்டாள். "எந்தக் கடையிலயும் கிடைக்காத மாதிரி செய்வேன், பாருங்க!"

மற்ற பதினொரு பேரும் தலையாட்டினார்கள். கிளாரிஸ் செய்தால் நன்றாகத்தான் இருக்கும். அதனால் வேறு யாரும் எதுவும் வாங்கவில்லை. பிரேஸ்லெட் வராவிட்டால் நூர்ஜான் அக்கா வெறுங்கையோடுதான் போக வேண்டும்.

திங்கட்கிழமை மாலை முதல் பிரேஸ்லெட் தயாரானது. அடுத்த தெருவிலிருந்து வந்த துஷ்யந்தி அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"அழகா இருக்கு. ஆனா சிலுவை தொங்குதே?"

கிளாரிஸ் குனிந்து பார்த்தாள். உண்மைதான், தொங்கியது.

"நூர்ஜான் அக்கா முஸ்லிம் லா!"

"தெரியும் லா! நானா மாட்டுனேன்? கை தானா மாட்டிடுச்சு."

சிலுவையைக் கழற்றிவிட்டு இரண்டாவதைக் கோத்தாள். பத்துச் சின்ன மணி, இடைவெளி, ஒரு பெரிய மணி. துஷ்யந்தி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

மூன்றாவது தடவை எண்ணவே கூடாது என்று முடிவு செய்தாள். விரல்கள் எண்ணவில்லைதான். ஆனால் வாய் 'அருள் நிறைந்த மரியே' என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பத்தாவது ஜெபம் முடிந்ததும் விரல்கள் டக்கென்று நின்றுவிட்டன.

செவ்வாய்க்கிழமை அம்மாவின் கைப்பேசியில், இணையத்தில் யார் யாரோ செய்து போட்டிருந்த பிரேஸ்லெட்டுகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அழகு. பார்க்கப் பார்க்கத் தன் கையில் எதுவுமே இல்லை என்று தோன்றியது. மணி டப்பாவை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

"பாசார்ல ஒண்ணு வாங்கிக் கொடுத்துடலாமா?" என்று அம்மா கேட்டார்.

"வேணாம்மா. நான் செய்றேன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை, நாமும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

புதன்கிழமை காலை வேனில் ஏறியபோது அவள் பையில் மணிகள் இல்லை. வெறும் மெழுகு நூல் மட்டும் இருந்தது. சும்மா இருக்கப் பழகாத விரல்கள் அதை எடுத்துத் திருகிக்கொண்டே இருந்தன.

துஷ்யந்தி வீட்டு வாசலில் வேன் நின்றது. பீப் பீப்! கிளாரிஸ் சும்மா ஒரு முடிச்சுப் போட்டாள்.

சூலியா தெருவில் மூன்று வீடுகள் பக்கத்துப் பக்கத்தில். பீப் பீப், பீப் பீப், பீப் பீப்! மூன்று முடிச்சுகள் ஒட்டினாற்போல் விழுந்தன. அப்துல் ரஹீம் வழக்கம்போல வாயில் ரொட்டியோடு ஓடி வந்து ஏறினான்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நெரிசல். வேன் ஊர்ந்தது. நூலில் நீளமாக வெற்றிடம். பிறகு ரமணி வீடு. பீப் பீப், ஒரு முடிச்சு. சுஜீவன் வீட்டு வாசலில் நான்கு தடவை பீப் பீப் அடித்த பிறகுதான் அவன் வந்தான். அவனுக்கு ஒரு பெரிய முடிச்சாகப் போட்டாள். மீதி ஐந்து வீடுகளுக்கும் ஐந்து முடிச்சுகள்.

பள்ளி வாசலில் இறங்கும்போது கிளாரிஸ் நூலை விரித்துப் பார்த்தாள். ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் வெறுமை, ஓரிடத்தில் குண்டு முடிச்சு. இப்படி ஒன்றை அவள் கோத்ததே இல்லை. முக்கியமாக, எங்கேயும் பத்து இல்லை!

"என்ன இது?" என்றாள் துஷ்யந்தி.

"நம்ம வேன் வர்ற வழி! இது நீ. இந்த மூணும் சூலியா தெரு. இந்தக் குண்டு, சுஜீவன்."

துஷ்யந்தி எண்ணிப் பார்த்தாள். "பதினொண்ணுதான் இருக்கு. உன்னோடது எங்கே?"

கிளாரிஸ் யோசித்தாள். ஹாரன் சத்தம் கேட்டபோதெல்லாம் முடிச்சுப் போட்டாள். அவள் வீட்டில் ஹாரன் கேட்கவே இல்லையே. இன்று மட்டுமா? நேற்றும் கேட்கவில்லை. அதற்கு முந்திய நாளும் இல்லை. முன்பெல்லாம் ஹாரன் கேட்ட பிறகுதான் அவள் காலுறையையே தேட ஆரம்பிப்பாள். அது எப்போது நின்றது?

வகுப்பில் டீச்சர் பின்னத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. தம்பி டேரன் பிறந்து நான்கு மாதம் ஆகிறது. இரவு முழுக்க அவனுடைய கச்சேரி. விடியும் நேரத்தில்தான் தூங்குவான். அவன் தூங்கினால்தான் அம்மாவும் கண்ணை மூட முடியும்.

வியாழக்கிழமை காலை அவள் சீக்கிரமே உடுத்திக்கொண்டு ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தாள். வேன் சந்து முனையிலேயே நின்றது. இஞ்சின் அணைந்தது. நூர்ஜான் அக்கா இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, நடந்து வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். மறுபடியும் நின்றார்.

நான்கு மாதமாக இப்படித்தான் நின்றிருக்கிறார். கிளாரிஸ் காலுறை தேடிய நாளிலும், மழை தூறிய நாளிலும். ஒரு நாள்கூட "ஏன் லேட்டு?" என்று கேட்டதில்லை. இதற்கெல்லாம் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று கிளாரிஸ் நினைத்தாள். அன்று வேனில் ஒவ்வொரு வீடாகப் பார்த்து, அதற்கு எந்த மணி என்று யோசித்துக்கொண்டே போனாள்.

பள்ளி விட்டு வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து டப்பாவை இழுத்தாள். பதினொரு வீட்டுக்கும் பதினொரு கண்ணாடி மணிகளைத் தேடி எடுத்தாள். ரஹீமுக்கு ரொட்டி நிறம். சுஜீவனுக்கு இருப்பதிலேயே பெரியது. மணி நகராமல் இருக்க இரண்டு பக்கமும் முடிச்சுப் போட வேண்டும். அந்த முடிச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முப்பத்தேழு ஜெபமாலைக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள்.

தன் வீட்டுக்கு மட்டும் எந்தக் கண்ணாடி மணியும் சரியாக வரவில்லை. எல்லாமே ஒன்றோடொன்று பட்டு டிங் டிங் என்றன. டேரனுக்குத் தொப்பி பின்னியதில் மிச்சமான மஞ்சள் கம்பளி நூல் அலமாரியில் இருந்தது. அதைச் சுற்றிச் சுற்றிச் சின்ன உருண்டையாக்கி முதல் மணியாக வைத்தாள்.

"இது ஏன் கம்பளியில?" என்று கேட்ட அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கே தெரியாதுடா" என்றார் அம்மா. "ஹாரனுக்குக்கூட முழிக்காம பிள்ளை இப்ப நல்லாத் தூங்குறான்னுதான் நினைச்சேன்."

வெள்ளிக்கிழமை காலை பள்ளி வாசலில் பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். பிரேஸ்லெட்டைக் கையில் மாட்டியதும் நூர்ஜான் அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு மணியாகத் தட்டினார். டிங்.

"மூணு ஒட்டிக்கிட்டு இருக்கே. அட, சூலியா தெரு! இந்த ரொட்டி யாரு, ரஹீமா? இந்தக் குண்டு மணி..."

"நான் இல்ல அக்கா!" என்று சுஜீவன் அவசரமாகச் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

அக்காவின் விரல் முதல் மணிக்கு வந்தது. தட்டினார். சத்தம் வரவில்லை. மறுபடியும் தட்டினார்.

"இது மட்டும் ஏன் பேச மாட்டேங்குது? மணி தீர்ந்து போச்சா?"

"அது எங்க வீடு அக்கா" என்றாள் கிளாரிஸ். "அங்க மட்டும் நீங்க ஹாரன் அடிக்க மாட்டீங்க."

நூர்ஜான் அக்கா அந்த மஞ்சள் உருண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்கம்மா முகத்தை ஒரு நாள் பார்த்தேன்மா. எத்தனை நாள் தூக்கம் பாக்கியோ! எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு லா, தெரியாதா?" என்றார். "ஆனா நீ கவனிப்பேன்னு நான் நினைக்கவே இல்ல."

"நாலு மாசம் கவனிக்கலக்கா. தேங்க்ஸ்."

அக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். காதோரம் பதினொரு மணிகளும் டிங் டிங் என்றன.

அன்று மதியம் எல்லாரையும் இறக்கிவிட்டு, கடைசியாகக் கிளாரிஸின் வீட்டுக்கு வேன் வந்தது. வழக்கம்போலச் சந்து முனையிலேயே அக்கா இஞ்சினை அணைக்கப் போனார். ஆனால் வாசலில் அம்மா டேரனைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். டேரன் முழித்திருந்தான்.

"வாசல் வரைக்கும் வாங்க, நூர்ஜான்!" என்று அம்மா கையசைத்தார். "இன்னைக்கு ஆசை தீர அடிங்க!"

பீப் பீப்! பீப் பீப்! பீப் பீப்!

சந்து முழுக்கச் சத்தம். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. டேரன் கண்ணை அகல விரித்து வேனைப் பார்த்தான். பிறகு பல்லில்லாத வாயைத் திறந்து, கையையும் காலையும் உதறிக்கொண்டு சிரித்தான்.